டிரில் டீச்சரின் பரீட்சை

உங்கள் அம்மா டிரில் டீச்சராக இருந்தது உங்களில் மூத்தவளுக்கு மட்டும் லேசாக ஞாபகம் இருக்கலாம். மற்ற இரண்டு பேருக்கும் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர்தான். அவளாக இதைப் பற்றிப் பேச மாட்டாள். நான் பேச்செடுத்தாலும், "விடுங்க, இப்ப எதுக்கு அது" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆனாலும் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நான் எட்டாவதோடு நின்றவன். பஸ் கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழித்துப் பழகிய கை இது. வந்தபடி எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தாள். பிறகு புதுக்கோட்டையில் பெண்களுக்கென்று சில மாதப் பயிற்சி ஒன்று இருந்தது. டிரில், கும்மி, கோலாட்டம், காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதை முடித்ததும் டவுனில் இருந்த பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராகப் போட்டுவிட்டார்கள். அப்போது புதுக்கோட்டையில் ராஜா ஆட்சி, அந்தச் சமஸ்தானத்தில் இந்தச் சான்றிதழ் போதும். எங்களுக்குக் கல்யாணம் நடந்தபோது அவள் ஏற்கெனவே வேலையில் இருந்தாள். பந்தியில் என் மாமா ஒருவர், "பொண்ணு டிரில்லு வாத்தியாராம்ல. பட்டாளத்துல சேரப் போகுதோ?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். கல்யாணப் பெண் தலையைக் குனிந்தபடியே, "சேத்துக்கிட்டா போறேன் மாமா" என்றாள். பந்தியே சிரித்தது. மாமா அப்புறம் சாம்பார் கேட்கக்கூட வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்து மைதானம் ரோட்டை ஒட்டி இருந்தது. இடுப்பளவுச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஜட்கா வண்டிகள் நிற்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது: டிரில் டீச்சர் விசில் ஊதக் கூடாது. விசில் என்றால் சினிமாக் கொட்டகையில் தரை டிக்கெட்காரன் அடிப்பது. பெண்கள் பள்ளிக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தால் வண்டிக்காரர்கள் பதில் விசில் அடிப்பார்கள் என்று பெரியவர்கள் பயந்தார்கள். பயந்ததிலும் தப்பில்லை. ஆகவே உங்கள் அம்மா கையைத் தட்டித்தான் எல்லாம் செய்தாள். உள்ளங்கையைக் குழித்துத் தட்டுவாள். மத்தளம் மாதிரி ஆழமாகக் கேட்கும். ஒரு தட்டுக்கு நிற்க வேண்டும். இரண்டு தட்டுக்குக் கிளம்ப வேண்டும். விடாமல் தட்டினால் எல்லோரும் ஓடி வந்து கூட வேண்டும்.

எங்கள் பஸ் கறம்பக்குடியிலிருந்து ஆலங்குடி வழியாக டவுனுக்குள் நுழைகிற நேரமும் அவளுடைய டிரில் பீரியடும் சில நாள் ஒன்றாக அமையும். டிரைவர் என்னைவிட மூத்தவர். உங்கள் அம்மாவைத் தங்கச்சி என்பார், என்னை மாப்பிள்ளை என்பார். பள்ளிக்கூடம் வந்ததும் வண்டியை மெதுவாக விட்டு, "பாத்துக்க மாப்ள, ஓசி காட்சி" என்பார். அத்தனை பெண்களும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு தட்டு விழும். அப்படியே நிற்பார்கள். பின்னல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் இருப்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் அவளுடைய புருஷன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் நெஞ்சு நிறைந்துவிடும்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனது. ராஜா அடித்த அம்மன் காசு செல்லாமல் போனது. நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆனோம். ராஜாவின் கச்சேரி ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதனால் கவலை, டிரில்லுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நாங்கள் நினைத்தோம். சில வருஷம் ஒன்றும் ஆகவும் இல்லை. பள்ளிக்கூடத்தை ஹைஸ்கூலாக உயர்த்தினார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். பெரிய பெண்கள் வருவார்கள், வளையப்பந்து டீம் கட்டலாம் என்று திட்டம் போட்டாள்.

அதற்கப்புறம்தான் திருச்சியிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஓர் அம்மா வந்தார். நல்ல மனுஷி. வெயிலில் நின்று முழு பீரியடும் பார்த்தார். முடிந்ததும் தலைமையாசிரியையிடம், "ரொம்ப நல்லாச் செய்யுறாங்க. ஆனா இவங்களுக்கு குவாலிஃபிகேஷன் இல்லையே" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாராம். அம்மா வீட்டுக்கு வந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விதி மாறியிருந்தது. ஹைஸ்கூலில் டிரில் எடுப்பவர் இனிமேல் உடற்பயிற்சி ஆசிரியை. அவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும். அதற்கு மேல் சென்னையில் ஒரு வருஷம் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். சமஸ்தானத்துச் சான்றிதழ் தொடக்கப் பள்ளிக்குத்தான் செல்லும். ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தார்கள். திருச்சியில் ஒரு செய்முறைப் பரீட்சை. அதில் தேறினால் அதே இடத்தில் இருக்கலாம். தவறினால் தொடக்கப் பள்ளிக்கு இறக்கிவிடுவார்கள். ஒரே தடவைதான். கெடு வைத்திருந்தார்கள், அதற்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

அம்மாவோடு சேர்ந்து பயிற்சி முடித்த டீச்சர் ஒருத்தி திருமயம் பக்கத்துப் பள்ளியில் இருந்தாள். அவளுக்கும் இதே நிலைமை. வீட்டுக்கு வந்தபோது, "அவசரப்படாதடி. கெடு முடியட்டும், நீட்டிப்பாங்க. கவர்ன்மெண்ட்ல எது சொன்ன தேதியில நடந்துருக்கு?" என்றாள்.

"பரீட்சைய தலைமாட்டுல வச்சுக்கிட்டு என்னால தூங்க முடியாதுடி" என்றாள் உங்கள் அம்மா. "செய்யச் சொன்னா செஞ்சுட்டுப் போறது. நாம என்ன தெரியாமலா இருக்கோம்?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் தட்டிக்கழித்துப் பழகவில்லை.

பரீட்சையில் என்னென்ன என்று தலைமையாசிரியை வாசித்துக் காட்டினார். முன்பின் தெரியாத பெண்களை வைத்து ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். அதை விசில் வைத்துத்தான் நடத்த வேண்டும். கோடையில் சென்னையில் இதற்காக ஒரு முகாம் நடந்தது. அதற்குப் போனவர்கள் எல்லாம் கற்றுக்கொண்டு வந்தார்கள். சின்னவன் அப்போது கைக்குழந்தை, அடிக்கடி மாந்தம் வந்துகொண்டிருந்தது. அவளால் போக முடியவில்லை. டேய், அதற்கு நீ என்னடா செய்வாய். இதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

விசில் நம் வீட்டில் இருந்தது. என்னுடையதுதான். ஆனால் தெருவில் வைத்து ஊதிப் பழக முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளி பஸ்ஸைக் கழுவ விடுவார். திருவரங்குளம் தாண்டி ஒரு கண்மாய்க்கு நானும் டிரைவரும் ஓட்டிக்கொண்டு போவோம். மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து, உங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவும் எங்களோடு ஏறிக்கொண்டாள். காலி பஸ். நடு சீட்டில் உட்கார்ந்து விசிலை வாயில் வைத்தாள். எச்சிலும் காற்றும்தான் வந்தது.

"தங்கச்சி, அது அடுப்பு ஊதுறது" என்றார் டிரைவர்.

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே."

"நாக்கு நுனிய உள்ள வச்சு வெட்டி ஊது" என்றேன் நான். அவள் கன்னத்தை உப்பி ஒரு ஊது ஊதினாள். காது கிழிந்தது. பஸ் நின்றுவிட்டது. நடு ரோடு. முன்னாலும் பின்னாலும் ஒரு ஈ காக்காய் இல்லை.

"ஏண்ணே நிப்பாட்டிட்டீங்க?"

"நானா நிப்பாட்டுனேன்? காலு நிப்பாட்டிருச்சு" என்றார் அவர். "யம்மா தாயே, கண்மாயில எறங்கி ஊது. இல்லாட்டி நாம ஊர் போய்ச் சேர மாட்டோம்."

கண்மாயில் தண்ணீர் ஓரமாகக் கொஞ்சம்தான் கிடந்தது. மிச்சமெல்லாம் காய்ந்த தரை. அவள் கரையில் நின்றாள். நானும் டிரைவரும்தான் வகுப்புப் பெண்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினோம். ஒரு விசிலுக்கு நின்றோம், இரண்டு விசிலுக்கு ஓடினோம். பஸ்ஸில் அப்படித்தான், அவளுடைய கைதட்டலிலும் அப்படித்தான். அதனால் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. டிரைவர் கொண்டை ஊசிப் பாதையில் வண்டி திருப்புகிற மாதிரி உடம்பைச் சாய்த்து ஓடினார். அம்மா சிரித்துச் சிரித்து விசிலைக் கீழே போட்டுவிட்டாள். "வரிசையில ஓடணும், சிரிக்கக் கூடாது" என்று எங்களை அதட்டிவிட்டு மறுபடியும் சிரித்தாள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனது. அந்தச் சிரிப்பை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

பரீட்சைக்கு லீவு போட்டு நானும் கூடப் போனேன். வெள்ளைப் புடவை, புது கேன்வாஸ் ஷூ. ஷூ கடித்தது, சொல்லவில்லை. திருச்சியில் ஒரு பெரிய பெண்கள் பள்ளி மைதானம். ஆண்களை உள்ளே விடவில்லை. நான் வெளியே மதில் சுவரை ஒட்டி நின்றேன். கேட்டில் ஒரு வாட்ச்மேன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போனாலே புகையிலை வாசம்.

மதில் உயரம். ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். முதலில் வேறு டீச்சர்கள் போனார்கள். சின்னதாக ஒரு விசில், உடனே தடதடவென்று கால் சத்தம். அப்புறம் நீளமாக ஒரு விசில், கால் சத்தம் நின்றுவிடும். நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். நமக்கு நேர்மாறாக இருக்கிறதே, முகாமில் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய்ச் சொல்ல வழியில்லை. அவளும் கவனித்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளைத் தனி அறையில் உட்கார வைத்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அவளுடைய விசில் எனக்குத் தெரியும். இரண்டு அடித்தது. கால் சத்தம் இல்லை. யாரோ சில பெண்கள் மட்டும் நாலு எட்டு வைத்து நின்றார்கள். அவள் குரலை உயர்த்தி "ஓடு!" என்றதும்தான் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது. பிறகு ஒரு விசில், சின்னதாக, சுத்தமாக. எங்கள் டிரைவராக இருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பார். கால் சத்தம் நிற்கவில்லை. மறுபடியும் ஒன்று. ஓட்டம் கூடியது.

வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உள்ள யாரு, ஒங்க வீட்டம்மாவா? பஸ்ஸ நிப்பாட்டுற மாதிரில்ல ஊதுறாங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் கைதட்டல் கேட்டது. குழித்த உள்ளங்கைத் தட்டு. ஒன்று. இன்னொன்று. அப்புறம் விடாமல். அதைக் கேட்டதும் உள்ளே பெண்கள் "ஹோ" என்று சத்தம் போட்டு இன்னும் வேகமாக ஓடினார்கள்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பிய பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான் ஊத ஊத ஓடுறாளுக. விசில கீழ விட்டுட்டேன். சரி, கையத் தட்டுனா நிப்பாளுகன்னு தட்டுனேன். அதுக ஒலகத்துல யாருங்க கைதட்டுனா நிப்பா? நான் சந்தோஷப்பட்டுத் தட்டுறேன்னு நெனச்சுட்டாளுக. என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே ஓடுறாளுக. பாவம், எனக்காகத்தான் அம்புட்டு வேகமா ஓடுனாளுக."

"பரீட்சை வச்சவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"ஒருத்தங்க எழுதிக்கிட்டே இருந்தாங்க. இன்னொருத்தங்க தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க."

கீரனூரில் அந்த பஸ் கண்டக்டர் ஒரு விசில் அடித்தார். வண்டி நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அப்படித்தான்.

ரிசல்ட் வந்தது. தவறிவிட்டாள். தலைமையாசிரியை மேலே எழுதிப் பார்த்தார், பதில் விதியைத்தான் சொன்னது. ஊர்க்கோடியில் இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு, மூன்றாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். போன முதல் நாள் பிள்ளைகளை எழுப்பி வரிசையாக நிற்கச் சொன்னாளாம். அங்கிருந்த ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "டீச்சர், இது கிளாஸுங்க, கிரவுண்டு இல்ல. ஒக்கார வைங்க" என்றாராம். உட்கார வைத்தாள். அன்றைக்கு உட்கார வைத்ததுதான்.

ஹைஸ்கூலுக்கு சென்னையில் படித்த ஒரு பெண் வந்தாள். அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு வாய் வராது. வாழைப்பழச் சீப்போடு வீட்டுக்கு வந்து, "அக்கா, எனக்கு இங்க யாரையும் தெரியாதுக்கா" என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். எந்தப் பெண் நன்றாக ஓடுவாள், எவளுக்கு மூச்சு வாங்கும், எவளை வெயிலில் நிறுத்தக் கூடாது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அவள் போன பிறகு என்னிடம், "நல்ல புள்ளங்க" என்றாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் அம்மாவுக்குத் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

இதோடு முடிந்திருந்தாலும் காலப்போக்கில் ஆறியிருக்கும். முடியவில்லை. பரீட்சைக்கு வைத்த கெடுவை நீட்டினார்கள். மறுபடியும் நீட்டினார்கள். திருமயத்து டீச்சர் ஒவ்வொரு தடவையும் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தோ, பிரசவ லீவு சொல்லியோ தள்ளிக்கொண்டே வந்தாள். அறுபதுக்குப் பிறகு கவர்ன்மெண்ட் உத்தரவு ஒன்று, ஜி.ஓ., வந்தது. நெடுநாள் சர்வீஸ் உள்ள பழைய டிரில் டீச்சர்கள் பரீட்சைக்குப் போக வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்று. அவள் ஓட்டமும் நடையுமாக நம் வீட்டுக்கு வந்தாள். "ஒனக்கும் உண்டுடி! ஒன் சர்வீஸு என்னுதவிடக் கூட. நாளைக்கே திருச்சிக்குப் போடி!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

போனோம். அம்மா அன்றைக்கு அந்த வெள்ளைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டாள். ஆபீஸில் ஒரு கிளார்க், வயசானவர், பொறுமையாகக் கேட்டார். ஜி.ஓ.வை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது அந்தப் பதவியில இருக்குறவங்களுக்குத்தாம்மா."

"நானும் இருந்தேனுங்க."

"இருந்தீங்க. இன்னைக்கு இருக்கீங்களா?"

அம்மா அந்த வரியை ஒரு தடவை படித்தாள். பிறகு, "நான் பரீட்சைக்கு வராமலே இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வராம இருந்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பீங்கம்மா" என்றார். அதைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

வெளியே வந்து படியில் நின்றோம். மேலே யாரையாவது பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாத்து? அவரு சொன்னதுல தப்பு இருக்காங்க? போகச் சொன்னாங்க, போனேன். போகாதவ ஜெயிச்சா. இத யாருகிட்டப் போயி சரி பண்ணச் சொல்றது?" என்றாள். "பிள்ளைகள்ட்ட இத சொல்லாதீங்க. ஒழுங்கா செய்யணும்னு நாமதான சொல்லிக்கிட்டு இருக்கோம்."

அவள் சொல்லாதே என்றதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். திருமயத்து டீச்சர் அதற்கப்புறம் நம் வீட்டுக்கு வருவதில்லை. கூச்சம். அம்மாவும் கூப்பிடுவதில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், மூத்தவளே, நீ போன வாரம் சாப்பிடும்போது ஒன்று சொன்னாய். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் சென்னைக்குப் போய் அந்த உடற்பயிற்சிப் படிப்புப் படிக்கப்போகிறேன், எங்கள் டீச்சர் எனக்கு வரும் என்கிறார் என்றாய். அம்மா தட்டில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாள். உன்மேல் கோபம் என்று நினைத்து நீ அழுதாய். கோபம் இல்லை மகளே. கொல்லைப்புறத்தில் போய் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "இவளுக்கும் நல்லாத்தான் ஓட வருது" என்றாள், அவ்வளவுதான்.

உன்னைப் போ என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீ படித்து வாங்கிக்கொண்டு வருகிற சான்றிதழ் எத்தனை நாளைக்குச் செல்லும், அதற்கு மேல் எதைக் கேட்பார்கள், எதை வேண்டாம் என்பார்கள், முந்திப் போகிறவள் பிழைப்பாளா பிந்திப் போகிறவள் பிழைப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்கும் தெரியவில்லை. அம்மா வேலை பார்த்த உங்கள் ஹைஸ்கூலில் விளையாட்டு விழாவுக்குத் தாய்மாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். அம்மாவை வற்புறுத்தாதே. தலைவலி என்று சொல்வாள், சரி என்று விட்டுவிடு. நான் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வந்து, ஆண்களை உள்ளே விடாவிட்டாலும், சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.